வசந்திக்கு, ஆமை விஷயமாக

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு லேசானது. லீட்ஸில் நாங்கள் எல்லோரும் நலம். சின்னவள் கல்லூரிக்குப் போனபிறகு வீட்டில் சத்தமே இல்லை. அவருக்கு முழங்கால் வலி இன்னும் இருக்கிறது, ஆனால் காலை நடையை விடுவதாயில்லை.

சரி, ஆமைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகுமுன் தன் ஆமையை உன்னிடம் ஒப்படைக்கிறார் என்றும், கிளாஸ்கோ குளிரில் அதை வீட்டுக்குள் வைப்பதா தோட்டத்தில் விடுவதா என்றும் கேட்டிருந்தாய். "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று அம்மா வேண்டாம் என்கிறார்களாமே. எனக்கு உன் வீட்டைப் பற்றிக் கவலையில்லை, ஆமையைப் பற்றித்தான்.

முதலில் அது என்ன இனம் என்று அவரிடம் கேள். எங்களிடம் இருப்பது ஹெர்மன் ஆமை. இந்த இனமும், கிரேக்க ஆமை, ஹார்ஸ்ஃபீல்ட் ஆமை போன்றவையும் குளிர்காலம் உள்ள இடங்களிலிருந்து வந்தவை, குளிரில் மண்ணுக்குள் போய் மாதக்கணக்கில் உறங்கும். ஆப்பிரிக்காவின் சிறுத்தை ஆமையும் சல்காட்டாவும் அப்படி இல்லை. நம் ஊர் முள்காட்டு நட்சத்திர ஆமைக்கும் அந்த உறக்கம் கிடையாது. ஆண்டு முழுக்கச் சூடு வேண்டும், குளிரில் விட்டால் செத்துப்போகும். உன் தம்பி ஊரிலிருந்து ஒன்றைக் கொண்டுவரட்டுமா என்று ஒருமுறை கேட்டானே, இனிமேல் விளையாட்டுக்குக்கூட அப்படிக் கேட்க வேண்டாம் என்று சொல். இந்தியாவில் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2019இல் உலக வணிகத்துக்கும் தடை வந்துவிட்டது. அப்படியும் பெட்டிகளில் அடைத்துக் கடத்துகிறார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பெரியவருடையது ஹெர்மனாகவோ கிரேக்க ஆமையாகவோ இருந்தால், உள்ளேயா வெளியேயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். பருவத்துக்குத் தகுந்தபடி இரண்டும் வேண்டும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: அடுப்படித் தரையில் ஆண்டு முழுக்க அலைய விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வளர்ப்பு. நமக்கு இதமாயிருக்கும் இருபது டிகிரி அதற்கு ரெண்டுங்கெட்டான் சூடு. முழுசாக விழித்திருக்கவும் முடியாது, முழுசாக உறங்கவும் முடியாது. சாப்பிடும், ஆனால் செரிமானம் ஆகாது. ஜன்னல் வழியே வெயில் விழுகிறதே என்று நினைத்துவிடாதே. ஓட்டுக்கும் எலும்புக்கும் வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அது கிடைக்காத குட்டிகளின் ஓடு மெத்தென்று போய்விடும்.

அதற்காக அப்படியே தோட்டத்தில் விட்டுவிடவும் கூடாது. வெறும் குளிரைவிட ஈரத்தோடு சேர்ந்த குளிர் கொடியது, உங்கள் ஊர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். சசெக்ஸில் ரிங்மர் என்ற ஊரில் இருந்த அவருடைய அத்தை ஓர் ஆமை வளர்த்தார், பெயர் டிமோதி. தூறல் விழுந்ததுமே அது அவசர அவசரமாக ஒரு மூலைக்குப் போய்த் தலையை முட்டிக்கொண்டு நிற்குமாம். அத்தை காலமான பின், 1780 மார்ச்சில், உறங்கிக்கொண்டிருந்த டிமோதியைத் தோண்டியெடுத்து வண்டியில் வைத்து ஹாம்ப்ஷயரில் உள்ள தன் ஊரான செல்போர்னுக்குக் கொண்டுவந்தார் வைட். வழிநெடுகக் குலுக்கியதில் விழித்துக்கொண்ட ஆமை தோட்டத்தில் கொஞ்சம் நடந்து பார்த்தது, மாலையில் குளிர் ஏறியதும் மறுபடி மண்ணுக்குள் போய்விட்டது. அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன், கிளம்ப மனமே வரவில்லை.

எங்கள் ஏற்பாட்டைச் சொல்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை தோட்டத்தின் தெற்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, வேலி போட்ட இடத்தில் இருக்கும். அதற்குள் மூடி திறக்கிற கண்ணாடிக் கூண்டு ஒன்று, உள்ளே உலர்ந்த மண். வெயில் இல்லாத நாளில் மேலே தொங்கும் விளக்கை எரியவிடுவோம். விளக்குக்கு நேர் கீழே 32 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். நரி, நாய், எலி எதுவும் புகமுடியாதபடி இராத்திரி மூடிவிடுவேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் உள்ளே ஒரு பெரிய மரத்தொட்டி, வெப்ப விளக்கோடு புற ஊதாக் குழல்விளக்கும் உண்டு. அந்தக் குழல் எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் நாளாக ஆக அதன் கதிர் குறைந்துவிடும். அதனால் ஆண்டுக்கு ஒன்று மாற்ற வேண்டும்.

குளிர்காலத்தில் ஃபிரிட்ஜ். சிரிக்காதே, இதுதான் பாதுகாப்பான வழி. வைக்கோல் போட்ட பெட்டியில் வைத்துக் கொட்டகையில் தள்ளிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். 1984இல் தடை வரும்வரை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து லட்சக்கணக்கில் இங்கே இறக்குமதி செய்தார்களே, அந்த ஆமைகளில் எத்தனையோ முதல் குளிர்காலத்தையே தாண்டவில்லை. கொட்டகையின் குளிர் நம் கையில் இல்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் கண் குருடாகிவிடும், பத்துக்கு மேல் போனால் பாதி விழித்து உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துவிடும். ஃபிரிட்ஜில் ஐந்து டிகிரி நிலையாக நிற்கும். அதற்கென்றே தனியாக ஒன்று வாங்கிக்கொள். உள்ளே தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால் சூடு சட்டென்று ஏறி இறங்காது. காற்றுக்காகத் தினமும் ஒருமுறை கதவைத் திற.

உறங்கவைக்குமுன் மூன்று நான்கு வாரம் தீனி நிறுத்திவிட வேண்டும், குடலில் தங்கியது அழுகிவிடும். அந்த நாட்களில் தினமும் வெதுவெதுப்பான நீரில் உட்காரவை, வேண்டிய அளவு குடித்துக்கொள்ளும். மருத்துவரிடம் காட்டாமல் மட்டும் உறங்க விடாதே. மெலிந்ததும் நோய்ப்பட்டதும் அந்த ஆண்டு உறங்கக் கூடாது, விளக்கின் கீழ் உள்ளேயேதான் இருக்க வேண்டும். உறங்கும்போது வாரம் ஒருமுறை எடை பார். பத்தில் ஒரு பங்கு குறையுமுன் எழுப்பிவிடு. உள்ளே சிறுநீர் கழித்திருந்தால் அன்றே எழுப்பு, உடம்பின் நீர்ச்சத்து போய்விட்டது என்று அர்த்தம். எழுந்து ஒரு வாரமாகியும் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் ஓடு.

தீனிக்குப் பணம் செலவே இல்லை. டான்டிலயன் இலை, பூ, குளோவர், மருந்தடிக்காத களைச்செடிகள். பழம் வேண்டாம். ஒரு கணவாய் ஓட்டைப் போட்டுவை, சுண்ணாம்புச் சத்துக்குக் கடித்துக்கொள்ளும். பெரியவரிடம் ஆமைக்கான அரசுச் சான்றிதழ் இருந்தால் மறக்காமல் வாங்கு. ஹெர்மனையும் கிரேக்க ஆமையையும் அது இல்லாமல் விற்க முடியாது.

ஒன்று மட்டும் யோசி வசந்தி. இவை ஐம்பது வருஷத்துக்கு மேலும் வாழக்கூடியவை. நமக்குப் பின் யார் பார்ப்பார்கள் என்று இப்போதே பேச வேண்டும். எங்களுடையது சின்னவளுக்கு என்று அவளிடம் கேட்டே முடிவு செய்திருக்கிறோம். உன் பையனிடமும் கேள், ஆசையில் தலையாட்டினால் போதாது, யோசித்துச் சொல்லச் சொல்.

அப்புறம், உன் தோட்டத்தில் எந்தப் பக்கம் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பார்த்து எழுது. ஆமையின் அடிவயிறும் முகமும் தெரிகிற மாதிரி படமும் அனுப்பு. ஈஸ்டர் விடுமுறையில் நாங்கள் அந்தப் பக்கம் வருவதாக இருக்கிறோம், எங்களிடம் இருக்கும் பழைய மரத்தொட்டியைக் காரில் போட்டுக் கொண்டுவருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மாலதி