ஜெராக்ஸில் திருத்தினால் அசல் மாறுமா?

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி உன் சி புரோகிராமைப் பற்றி நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "ஃபங்ஷனுக்குள்ள மார்க் கூடுது, வெளிய வந்தா பழைய மார்க்தாம்மா இருக்கு." உன் குரலில் இருந்த களைப்பு எனக்குப் பழக்கமானது. அதான் விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

1992-ல் எங்கள் பாலிடெக்னிக்கில் மதிப்பெண் பட்டியல் போட நான் ஒரு புரோகிராம் எழுதினேன். கருணை மதிப்பெண் சேர்க்கத் தனியாக ஒரு ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் புரோகிராம் துண்டு. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளிய தாளில், 38 வாங்கிய பையன் 38-லேயே நின்றான். லேபைப் பூட்டும்வரை கூட்டல் வரியையே முறைத்துக்கொண்டிருந்தேன். கூட்டலில் தப்பே இல்லை. உன்னுடையதிலும் இருக்காது.

சி மொழியில் ஸ்ட்ரக்சரை, அதாவது பெயர், பதிவெண், மார்க் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டியதை, அப்படியே ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் உள்ளே போவது ஜெராக்ஸ். பத்திரத்தின் ஜெராக்ஸில் எதைத் திருத்தினாலும் பீரோவில் இருக்கும் பத்திரம் மாறுமா? அசலைத் திருத்த வேண்டுமானால் அது இருக்கும் இடத்தைச் சொல்லியனுப்ப வேண்டும். அந்த இடம்தான் பாயிண்டர். ஃபங்ஷனின் தலைப்பில் நட்சத்திரம், கூப்பிடும் இடத்தில் பெயருக்கு முன்னால் &, உள்ளே புள்ளிக்குப் பதில் அம்புக்குறி. அவ்வளவுதான்.

உன்னைக் குழப்பியது அரேயாகத்தான் இருக்கும், ஒரே வகை மதிப்புகளை வரிசையாக வைப்பது. வெறும் அரேயைக் கொடுத்தால் அதன் முதல் உறுப்பின் முகவரி போகிறது, அதனால் உள்ளே செய்த மாற்றம் வெளியே தெரியும். அதே அரேயை ஸ்ட்ரக்சருக்குள் வைத்துக் கொடுத்தால் முழுசாக நகலாகிவிடும். உன் மாணவர் ஸ்ட்ரக்சரில் பெயருக்கு 40 எழுத்து, பதிவெண்ணுக்கு ஓர் இன்ட் (முழு எண்), ஐந்து மார்க்குக்கு ஐந்து இன்ட். இன்ட் 4 பைட் என்றால் மொத்தம் 64 பைட். ஒவ்வொரு அழைப்பிலும் அத்தனையும் நகலாகிறது. பார்க்க மட்டும்தான் வேண்டும் என்றால் பாயிண்டருக்கு முன்னால் கான்ஸ்ட், அதாவது 'மாற்றாதே' என்ற சொல், சேர்த்துவிடு. கைதவறி மாற்றப் போனால் நாம் எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரே தடுத்துவிடும்.

ஸ்ட்ரக்சரை அப்படியே கொடுக்கும் வசதி ஆரம்பத்தில் இல்லை, தெரியுமா? சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியும் பிரையன் கெர்னிகனும் 1978-ல் எழுதிய புத்தகத்தில், ஸ்ட்ரக்சரை வைத்து முகவரி எடுக்கலாம், உறுப்பைத் தொடலாம், வேறெதுவும் முடியாது. ஃபங்ஷனுக்குக் கொடுப்பது, ஃபங்ஷனிலிருந்து திருப்பித் தருவது (ரிட்டர்ன்) எல்லாம் 1989-ல் அமெரிக்கத் தர நிறுவனமான அன்சி கொண்டுவந்த தரத்தில் முறையாக இடம்பெற்றன. எங்கள் நூலகத்தில் இருந்தது அந்தப் பழைய பதிப்பு. அதையும் கம்பைலரையும் மாற்றி மாற்றிப் பார்த்து நான் குழம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், நீ கேட்காமலே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து நீ அங்கேதான் போவாய். ஸ்ட்ரக்சரை ரிட்டர்ன் செய்வதில் பயமே வேண்டாம். சி-யின் நூலகத்தில் இருக்கும் டிவ் ஃபங்ஷன் அதைத்தான் செய்கிறது: 17-ஐ 5-ஆல் வகுக்கச் சொன்னால் ஈவு 3, மீதி 2 இரண்டையும் ஒரே ஸ்ட்ரக்சரில் கொண்டுவந்து தரும். ஆனால் ஃபங்ஷனுக்குள் பிறந்த சாதாரண ஸ்ட்ரக்சரின் முகவரியை மட்டும் ரிட்டர்ன் செய்யாதே, ராசா. அது காலி செய்துவிட்ட வாடகை வீட்டின் முகவரி. அடுத்த குடித்தனம் வரும்வரை நம் காலண்டர் சுவரிலேயே தொங்கலாம், எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றலாம். இன்னொரு ஃபங்ஷன் ஓடிய பிறகு பெயர் இருந்த இடத்தில் குப்பை தெரியலாம். ஜிசிசி கம்பைலர் இதற்கு எச்சரிக்கை தரும். அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகாதே.

இன்னொன்று. பெயரை 40 எழுத்து அரேயாக வைக்காமல் கேரக்டர் பாயிண்டராக வைத்திருந்தால், ஸ்ட்ரக்சரை நகலெடுக்கும்போது முகவரி மட்டும்தான் நகலாகும். இரண்டு ஸ்ட்ரக்சரும் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்றின் வழியாக ஃப்ரீ செய்து அந்த இடத்தை விடுவித்தால் மற்றதும் போச்சு.

இன்றைக்கு அந்த நட்சத்திரத்தைப் போட்டு ஓட்டிப் பார். மார்க் ஏறியதும் எத்தனை மணியானாலும் கூப்பிடு, நான் விழித்திருப்பேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்.

அன்புடன்,
அம்மா