பம்பர அப்புறம் பாக்கலாம், பிள்ளைங்கள மொதல்ல பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

பண்டிகைக்கு சொந்த ஊருக்கு கார்ல போறவங்களுக்காக உங்க இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். டயர்ல காத்து, கூலன்ட், பிரேக் ஆயில், வைப்பர், ஸ்டெப்னி, ஃபாஸ்டேக் பேலன்ஸ்னு ஒண்ணு விடாம எழுதியிருந்தீங்க, நல்ல கட்டுரைதான், எங்க வீட்டுக்காரர் அத போட்டோ எடுத்தே வச்சுக்கிட்டார். ஆனா அதே கார்ல பின்னாடி உக்காந்து வர்ற பிள்ளைங்கள பத்தி வாந்திக்கு கவர் எடுத்து வச்சுக்கங்கன்னு ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு. அத படிச்சப்புறம் இந்த கடிதத்த எழுதாம இருக்க முடியல.

போன லீவுல நாங்க சென்னைலேர்ந்து திருச்சி பக்கம் போற ஜிஎஸ்டி ரோட்டுல அச்சிறுபாக்கம் தாண்டி போயிட்டிருந்தப்ப மீடியன் கேப்ல ஒரு பைக் திடீர்னு குறுக்க வந்துச்சு, முன்னாடி வண்டி பிரேக் போட எங்க வீட்டுக்காரரும் போட்டார், எங்களுக்கு பின்னாடி வந்த கார் வந்து இடிச்சிருச்சு. பெரிய ஸ்பீடு எல்லாம் இல்ல. டிக்கி கதவு உள்ள போச்சு, பம்பர் ஒரு பக்கம் தொங்குச்சு, அவ்வளவுதான். எங்க பொண்ணுக்கு ஒம்பது வயசு, பையனுக்கு நாலு, ரெண்டு பேரும் பின் சீட்ல பெல்ட்டோட இருந்தாங்க, பையன் சைல்டு சீட்ல, அதாவது சின்ன பிள்ளைங்களுக்குன்னு கார் சீட் மேல மாட்டற தனி சீட்ல. எங்கள இடிச்ச கார்ல மூணு வயசு இருக்கும், ஒரு குழந்தை முன் சீட்ல அம்மா மடியில. அதுக்கு நெத்தி போய் டேஷ்போர்டுல இடிச்சு பெருசா புடைச்சுக்கிச்சு.

அடுத்து நடந்ததுதான் என் மனச அறுக்குது. ரெண்டு வண்டியும் வேகமா போற லேன்லயே நிக்குது, பெரியவங்க எல்லாரும் இறங்கி டிக்கியத்தான் பாக்கறாங்க. டிஸ்டன்ஸ் விட்டு வரத் தெரியாதான்னு ஒருத்தர், நீங்க ஏன் சார் சடன் பிரேக் போட்டீங்கன்னு இன்னொருத்தர், க்ளெய்ம் போட்டா அடுத்த இன்சூரன்ஸ்ல கிடைக்கற தள்ளுபடி, நோ க்ளெய்ம் போனஸ், போயிரும் கைல பாத்து செட்டில் பண்ணிக்கலாம்னு சும்மா நின்னவர் ஒருத்தர், டிங்கரிங்குக்கு இவ்வளவு ஆகும்னு கணக்கு சொல்ல பைக்ல வந்த ஒருத்தர். அந்த அம்மா அழற குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு ரெண்டு காருக்கும் நடுவுல நிக்கறாங்க. நான் என் பிள்ளைங்கள இடது பக்கமா இறக்கி ரோட்ட விட்டு கீழ கூட்டிட்டு போய் அத்தைகிட்ட விட்டுட்டு, திரும்பி வந்து அந்த அம்மாவையும் கைய பிடிச்சு இழுத்துட்டு போனேன். அப்ப அந்தப்பக்கமா வந்த ஒரு லாரி டிரைவர் தலைய வெளிய நீட்டி, அண்ணே வண்டிய ஓரங்கட்டிட்டு சண்ட போடுங்கண்ணே, பின்னாடி பஸ் வருது பாருங்கன்னு கத்துனப்புறம்தான் வண்டி நகந்துச்சு. அந்த அண்ணன் எந்த ஊரோ, நல்லா இருக்கணும்.

ஹைவேல மொத இடிய விட ரெண்டாவது இடிதான் ஆபத்து. நின்னுட்டிருக்கற வண்டி மேல பின்னாடி வர்ற வண்டி ஏறும், நடுவுல நிக்கறவங்க நசுங்குவாங்க. வண்டி நகர்ற நிலைமைல இருந்து யாருக்கும் பெரிய அடி இல்லன்னா நாலு போட்டோ எடுத்துட்டு இடது ஓரமா கொண்டு போயிரலாம், வண்டிய எடுத்துட்டா இன்சூரன்ஸ்ல ப்ரூஃப் கேப்பாங்கன்னு நடுரோட்டுலயே நிக்க வேணாம், போன்ல எடுத்த படம் ஆதாரமா இருக்கும். நகராத வண்டின்னா நாலு இண்டிகேட்டரையும் போட்டுட்டு, ஆளுங்க மொதல்ல இறங்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப்பக்கம் போயிரணும், புது கார் எல்லாத்துலயும் செவப்பு எச்சரிக்கை முக்கோணம் ஒண்ணு குடுக்கறாங்க இல்லையா, அத ஒரு ஐம்பது மீட்டராவது பின்னாடி தள்ளி வைக்கணும். அது நிறைய பேர் வீட்டு கார்ல கவர் கூட பிரிக்காம டிக்கில கிடக்கு. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033-க்கு கூப்பிட்டா ரோந்து வண்டி வரும், அடிபட்டிருந்தா 108.

சின்ன ஆக்சிடென்ட்தான், யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு அன்னைக்கு எல்லாரும் சொன்னாங்க. பம்பர பாத்து சொன்ன வார்த்தை அது. குழந்தைங்க விஷயத்துல உடனே ஒண்ணும் தெரியாது. தலையில இடிச்ச குழந்தை அழுது முடிச்சதும் சிரிக்கும், பிஸ்கட் சாப்பிடும், நாமளும் சரியாயிருச்சுன்னு நினைப்போம். அன்னைக்கு எங்கள பாத்த குழந்தை டாக்டர் பொறுமையா சொன்னத அப்படியே எழுதறேன்: திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா, எழுப்புனா எழும்பாம தூங்கி வழிஞ்சா, வலிப்பு வந்தா, காதுலயோ மூக்குலயோ தண்ணி மாதிரி வடிஞ்சா, நடை தள்ளாடுனா, எப்பவும் இல்லாத மாதிரி பேசுனா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இன்னொண்ணு வயிறு. பெல்ட் போட்ட பிள்ளைக்கு வயித்துக்கு குறுக்க செவப்பா ஒரு கோடு இருந்து, வலிக்குதுன்னும் சொன்னா சாதாரணமா விடக்கூடாது, உள்ள குடல்ல அடி பட்டிருக்கலாம், அது தெரிய நேரம் எடுக்கும். சட்டைய தூக்கி பாருங்கம்மான்னு அவர் சொன்னப்ப எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு, ஏன்னா யாருக்குமே அத பாக்கணும்னு தோணாது. கடவுள் புண்ணியத்துல எங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல.

போலீஸ் கேஸ் ஆயிரும், செலவு ஆகும்னு ஆஸ்பத்திரிக்கே போகாம நேரா வீட்டுக்கு போறவங்க இருக்காங்க. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்லேர்ந்து இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு, சாலை விபத்துல அடிபட்டா முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரைக்கும் அரசாங்கமே செலவ ஏத்துக்குது, திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் பாக்கலாம், வெளிமாநிலத்துக்காரங்களுக்கும் உண்டு. அந்த அம்மாகிட்ட இத சொன்னப்பதான் அவங்க முகத்துல கொஞ்சம் தெளிவு வந்துச்சு.

அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. நம்ம ஊர்ல முக்காவாசி பேர் குழந்தைய மடியிலதான் வச்சுக்கறாங்க, அம்மா கைய விட பத்திரமான எடம் எதுன்னு கேப்பாங்க. ஆனா ஒரு கணக்க பாருங்க, 50 கிலோமீட்டர் வேகத்துல போற கார் எதுலயாவது மோதி அரை மீட்டருக்குள்ள நின்னுச்சுன்னா உள்ள இருக்கற ஒடம்பு அதோட எடைய மாதிரி சுமார் 20 மடங்கு பலத்தோட முன்னாடி இழுக்கும். 10 கிலோ குழந்தைன்னா 200 கிலோ, அதாவது எட்டு 25 கிலோ அரிசி மூட்டைய ஒரே நேரத்துல கைல பிடிக்கற மாதிரி. எந்த அம்மாவாலயும் முடியாது, பாசம் குறைச்சல்னு இல்ல, கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. முன் சீட்டுல ஏர்பேக் வெடிச்சா இன்னும் மோசம், கண்ண மூடி திறக்கறதுக்குள்ள வெளிய வர்ற அந்த ஏர்பேக்குக்கும் அம்மாவுக்கும் நடுவுல குழந்தை மாட்டிக்கும். அன்னைக்கு மெதுவா இடிச்சதால ஏர்பேக் வரல.

சட்டம் இல்லாம இல்ல. 2019-ல திருத்துன மோட்டார் வாகனச் சட்டத்துல 194பி பிரிவு, 14 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைய பெல்ட்டோ சைல்டு சீட்டோ போடாம கூட்டிட்டு போனா ஆயிரம் ரூபா அபராதம்னு தெளிவா சொல்லுது. ஆனா செக்கிங்ல டிரைவர் பெல்ட்டத்தான் பாக்கறாங்க, பின்னாடி எட்டிப் பாத்து குழந்தை எங்க உக்காந்திருக்குன்னு கேட்ட போலீஸ்காரர நான் இதுவரைக்கும் பாக்கல. 2022 செப்டம்பர்ல மகாராஷ்டிராவுல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்ல பெல்ட் போடாம போய் விபத்துல இறந்தப்ப கொஞ்ச நாள் நாடே பின் சீட் பெல்ட்ட பத்தி பேசுச்சு, அப்புறம் மறந்துட்டோம்.

சைல்டு சீட் வெலை அதிகம், எல்லாராலயும் வாங்க முடியாதுன்னு எனக்கு தெரியும். வாடகைக்கு கிடைக்குமா, டாக்ஸில இருக்குமான்னு கேட்டா பதிலே இல்ல. அதையும் நீங்க விசாரிச்சு எழுதணும். சீட் இல்லாதவங்க குறைஞ்சது குழந்தைய பின் சீட்டுக்கு மாத்தலாம். பெல்ட் போடற அளவுக்கு வளந்த பிள்ளைக்கு அது வயித்து மேல இல்லாம இடுப்பெலும்பு மேல படிஞ்சிருக்கான்னு பாக்கலாம், 145 சென்டிமீட்டர் உயரம் வர்ற வரைக்கும் அடியில பூஸ்டர், அதாவது உயரம் கூட்டற குட்டி சீட், போட்டாத்தான் அது சரியா படியும். சைல்டு சீட் வச்சிருக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம், விபத்துல இருந்த சீட்ட யோசிக்காம திரும்ப மாட்டக்கூடாது. அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ சொல்றது, வண்டி ஓட்டிட்டு போற நிலைமைல இருக்கணும், சீட்டுக்கு பக்கத்து கதவு அடிபட்டிருக்கக் கூடாது, யாருக்கும் காயம் இருக்கக் கூடாது, ஏர்பேக் விரிஞ்சிருக்கக் கூடாது, சீட்ல கண்ணுக்கு தெரியற சேதம் இருக்கக் கூடாது, இந்த அஞ்சும் சரியா இருந்தாத்தான் பழைய சீட்டயே வச்சுக்கலாம், ஒண்ணு குறைஞ்சாலும் மாத்திரணும்.

வீட்டுக்கு வந்தப்புறம் நடந்ததையும் சொல்லணும். பையன் பொம்மை கார எடுத்து இன்னொரு கார் மேல டமால்னு இடிச்சு இடிச்சு வெளையாடுனான், நைட்ல படுக்கைய நனைச்சான், நிறுத்தி ரொம்ப நாள் ஆன பழக்கம் அது. பொண்ணு கார்ல ஏறவே மாட்டேன்னு நின்னா. பயந்த கோளாறுன்னு அத்தை தர்காவுக்கு கூட்டிட்டு போய் மந்திரிச்சுட்டு வந்தாங்க, அந்த பெரியவர் தலையில கை வச்சு ஓதுனதுல பையன் கொஞ்சம் அமைதியானான், அத நான் மனசார நம்பறேன். கூடவே டாக்டரும், இடிச்சு வெளையாடறத தடுக்காதீங்க, அவன் கேக்கறப்பல்லாம் நடந்தத உள்ளபடி சொல்லுங்க, படுக்கைய நனைச்சதுக்கு திட்டாதீங்க, ஒரு மாசம் தாண்டியும் விடலன்னா மனநல டாக்டர பாருங்கன்னு சொன்னார். பொண்ணுகிட்ட பேசுனப்பதான் தெரிஞ்சுது, அவ பயந்தது இடிச்சதுக்கு இல்ல, அப்பா ரோட்டுல சத்தம் போட்டு சண்ட போட்டதுக்கு. யாரோ அப்பாவ அடிச்சிருவாங்கன்னு நினைச்சுட்டாளாம்.

அதனால அடுத்த பண்டிகைக்கு கட்டுரை போடறப்ப ஒரு குழந்தை டாக்டர்கிட்டயும், ஹைவே ரோந்து போலீஸ்கிட்டயும் பேட்டி எடுத்து தனியா ஒரு பக்கம் போடுங்க. வெட்டி கார்ல ஒட்டி வைக்கற மாதிரி பெரிய எழுத்துல போட்டீங்கன்னா எங்க அத்தை மாதிரி கண்ணாடி போட்டவங்களும் படிப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செங்கல்பட்டு