விளக்கை அணைத்துவிட்டுப் பேசிய மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நலம். முழங்கால் வலியைப் பற்றி உன் அம்மா தனியாக எழுதுவாள். நீ இரவில் நன்றாகத் தூங்குகிறாயா என்று அறியவே இதை எழுதத் தொடங்கினேன். ஒரே நாளில் இரண்டு மூன்று ரக்பி ஆட்டங்கள், மறுநாளும் அதே ஓட்டம், முடிந்ததும் வேறொரு கண்டத்துக்கு விமானம் என்று அலையும் உடம்பு தூக்கத்தில்தான் தேறும். எட்டு மணி நேரமாவது தூங்கு.

போன வாரம் காணொளியில் பேசியபோது, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாய். பயணக் களைப்பு என்றாய்; நானும் சரியென்று கேட்டுக்கொண்டேன். அடுத்த தொடருக்கான பன்னிரண்டு பேர் பட்டியலில் நீ இருக்கும் செய்திகூட உன் பெரியப்பா வீட்டிலிருந்துதான் எங்களுக்கு வந்தது. ஒரு வரி எழுதுவதற்கு உனக்கு நேரமில்லையா என்று உன் அம்மா வருந்தினாள். வருந்திய அதே அம்மா அன்று மாலைக்குள் எல்லா உறவினரிடமும் சொல்லி முடித்துவிட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2016-இல் ரியோவில், அணிக்கு ஏழு பேர் ஆடும் உன் செவன்ஸ் ரக்பி முதன்முறையாக ஒலிம்பிக்கில் ஆடப்பட்டு, மகளிர் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 24-17 என்று நியூசிலாந்தை வென்றபோது உனக்கு 15 வயது. பதினைந்து பேர் ஆடும் அதே அளவு மைதானத்தை ஏழு பேர் எப்படிக் காக்கிறார்கள் என்று எனக்கு விளக்குவதற்காக நீ ஒரு தாளில் கோடுகள் போட்டுக் காட்டினாய். அந்தத் தாள் என் நாட்குறிப்பில் பத்திரமாக இருக்கிறது. ஆள் குறைவு, இடம் அதிகம், ஆகவே இருவர் மோதினால் இருவருமே முழு வேகத்தில்தான் மோதுவார்கள் என்று அன்று நீதான் சொன்னாய். அதை நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கடைசித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தை நான் பார்த்தேன். பந்தோடு ஓடியவளைப் பிடித்து வீழ்த்த நீ டேக்கிள் செய்தபோது உன் தலை அவள் இடுப்பெலும்பில் மோதியது. உடனே எழுந்துவிட்டாய். ஆனால் எழுந்தவள் எதிரணியின் வரிசையை நோக்கி நடந்தாய்; உன் அணித்தோழி கையைப் பிடித்துத் திருப்பினாள். பிறகு ஆட்டம் முடியும்வரை ஆடினாய், மறுநாளும் ஆடினாய். அந்தச் சில நொடிகளை நான் எத்தனை முறை திரும்பப் பார்த்தேன் என்று கணக்கில்லை. தூங்கு என்று எழுதியதெல்லாம் இதைக் கேட்கத் துணிவில்லாமல்தான். வெளிச்சம் கூசுவதை மருத்துவரிடம் சொன்னாயா?

குதிகால் தசைநார் அறுந்து நீண்ட நாள் ஆடாமல் இருந்த நியூசிலாந்து வீராங்கனை போர்ஷியா உட்மன் திரும்பி வந்து டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் வென்றதை, உன் கணுக்கால் பிசகியபோது எங்களுக்கு நீயே எடுத்துச் சொன்னாய். அப்போது பொறுமையாக இருந்தவள்தானே நீ? காலில் பட்ட அடியை எல்லோரும் பார்க்கிறார்கள்; நொண்டுபவளை யாரும் களத்தில் இறக்குவதில்லை. மூளை அதிர்வு அப்படியல்ல. நினைவு தப்ப வேண்டும் என்பதுகூட இல்லை. தலைவலியும் குமட்டலும் வெளிச்சம் கூசுவதும் பல மணி நேரம் கழித்தும் வரலாம். அது ஆறுவதற்குள் இன்னோர் அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். சந்தேகம் இருந்தாலே வெளியேற வேண்டும், திரும்பும்போது படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் நீ வாயைத் திறக்காவிட்டால் அந்த விதியால் உன்னைக் காக்க முடியுமா?

இப்படி உன்னைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்பதை மூன்று நாட்களாக எழுதி எழுதிக் கிழித்தேன். உன்னுடைய 17-ஆம் வயதில், தேர்வாளர்கள் வந்திருந்த அந்த நாளில், முதல் ஆட்டத்தில் ஒருத்தியின் முழங்கால் உன் நெற்றிப்பொட்டில் இடித்தது. இடைவேளையில் என்னிடம் வந்து, "அப்பா, நாம் யாருடன் ஆடுகிறோம்?" என்று கேட்டாய். உனக்கு என்ன ஆயிற்று என்று பயிற்சியாளர் என்னைக் கேட்டார். வெயிலில் வந்த களைப்பு, வேறொன்றுமில்லை என்றேன். என்ன நடந்தது என்று அப்போதே எனக்குத் தெரியும். அன்று விட்டால் இன்னோர் ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். இரண்டாவதைப் பெரிதாக நினைத்து உன்னைத் திரும்ப இறக்கினேன். நீ எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றி இரண்டு டிரை வைத்தாய், தேர்வானாய். அந்த இரண்டு டிரைகளை இத்தனை ஆண்டுகளாக வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். நான் சொல்லும்போதெல்லாம் நீ எழுந்து உள்ளே போய்விடுவாய். கூச்சம் என்று எண்ணியிருந்தேன். அவை உன் நினைவிலேயே இல்லை என்பது இந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

களைப்பு என்ற சொல்லை நீ என்னிடமிருந்துதான் கற்றாய், அம்மா. என்னை மன்னிக்கச் சொல்லி உன்னைச் சங்கடப்படுத்தமாட்டேன்.

அன்று நடந்ததைத் தேதியோடு தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். முன்பு தலையில் அடிபட்டதுண்டா என்று அணி மருத்துவர் கேட்டிருப்பார், நீ இல்லை என்றிருப்பாய். இந்தத் தாளை அவரிடம் கொடு. அவர் என்னிடம் பேச விரும்பினால் எந்த நேரமானாலும் அழைக்கச் சொல், நானே விழித்திருந்து எடுக்கிறேன். பட்டியலில் உன் பெயர் போனால் போகட்டும். உன் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். 17-ஆம் வயதில் நடந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா