நிழலைப் பார், மாப்ளே

தூத்துக்குடி

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைச் சொன்னதும் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடலுக்குள் அப்படி என்னத்தைத் தேடுகிறீர்கள் என்று போனில் கேட்டாய். அறுந்துபோன வலைகளைத்தான். நைலான் வலை மட்காது. ஆளே இல்லாமல் மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டே கிடக்கும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

தேடுவது சைடு ஸ்கேன் சோனாரால், அதாவது ஒலியை அனுப்பிக் கடல் தரையைப் படமாக வரையும் கருவியால். அதற்குப் பெரிய கப்பல் வேண்டியதில்லை. ஃபைபர் படகின் ஓரத்தில் ஒரு குழாயைக் கட்டி, அதன் நுனியில் டிரான்ஸ்டியூசரை (ஒலியை அனுப்பி, எதிரொலியை வாங்கும் பாகம்) பொருத்தி நீருக்குள் இறக்கிவிட்டால் போதும். இரண்டு பக்கமும் விசிறிபோல ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வரி வரியாகத் திரையில் வரையும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகிறது. பக்கத்துக்கு 75 மீட்டர் வரை பார்க்க வேண்டுமானால் போய் வர 0.1 நொடி, அதாவது நொடிக்குப் பத்து வரிதான். 4 நாட் (மணிக்குச் சுமார் 7.4 கிலோமீட்டர்) வேகத்தில் ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளி. வேகத்தை இரட்டித்தால் சின்னப் பொருள் இரண்டு மூன்று வரியிலேயே கடந்துபோய்விடும். அதனால்தான் அவுட்போர்டு இன்ஜினை அடக்கி ஓட்டச் சொல்லிப் படகுக்காரரை நச்சரிக்கிறேன். வளைந்தால் படம் இழுபட்டுக் கோணலாகிவிடும். நேர்கோட்டில் வந்ததை மட்டும்தான் நம்புவேன். படகுக்கு நேர் கீழே ஒரு பட்டை குருடு. அடுத்த சால் ஓட்டும்போது அதன் மேலும் படும்படி நெருக்கி ஓட்ட வேண்டும், ஏர் உழுகிற மாதிரி.

திரையில் எல்லோரும் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் நிழலைப் பார்க்கிறேன். பாறையும் பளிச்சென்று தெரியும், இரும்பும் பளிச்சென்று தெரியும். பின்னால் ஒலி எட்டாமல் கறுப்பாக விழுகிற நிழல்தான் பொருளின் உருவத்தைச் சொல்லும். உயரமும் அதிலேயே கிடைக்கும். தரையிலிருந்து 6 மீட்டர் மேலே டிரான்ஸ்டியூசர், நிழலின் நீளம் 5 மீட்டர், டிரான்ஸ்டியூசரிலிருந்து நிழல் முடிகிற தூரம் 30 மீட்டர் என்றால் பொருளின் உயரம் 1 மீட்டர் (6 × 5 ÷ 30). மூழ்கிய மரப்படகு ஒன்றைப் பார்த்தோம். வெளிச்சத்தில் அது வெறும் கோடு. நிழலில் அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கி நிற்பதும், விலாக்கட்டைகள் வரிசையாக நிற்பதும் தெளிவாக இருந்தன. வலை இப்படிக் காட்டிக்கொடுக்காது. மங்கலான புகைபோல இருக்கும். மிதவை கொஞ்சம் மேலே தூக்கி நின்றால் அதன் நிழல் தனிப் பொட்டாகத் தரையில் விழும். அந்தப் பொட்டைக் கண்டால் ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டு, வேறு கோணத்தில் இன்னொரு ஓட்டம் பார்ப்போம்.

எங்கே தேடுவது என்பதைக் கருவி சொல்லாது, மாப்ளே. வலை எங்கே மாட்டுகிறது, எந்தப் பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) ஓரத்தில் கிழிகிறது என்று வயதான மீனவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் புறப்படுகிறோம். இங்கிலாந்தில் 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பல் கதையும் இதுதான். தேடியவர்கள் முதலில் 1841-ஆம் ஆண்டு வரைபடம் ஒன்றில் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான், 1967-ல், அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் எட்ஜர்ட்டனின் சோனார் அங்கே ஏதோ கிடப்பதைக் காட்டியது. எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் அப்படிப்பட்ட வரைபடம் மனசுக்குள்ளேயே இருக்கிறது. யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்காவிட்டால் அவர்களோடு அது போய்விடும். இந்த வேலையில் எனக்குள்ள பெரிய கவலை இதுதான்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. விசைப்படகுகள் கரையேறிவிடும், இன்ஜின் இரைச்சல் இருக்காது. தென்மேற்குக் காற்று வலுக்குமுன் சில நல்ல காலைகள் கிடைக்கும். உனக்கு லீவு அப்போது கிடைக்குமா? துறைமுக சர்வேயில் நீ பயன்படுத்திய பதிவுத்தாள் மாதிரி ஒன்று இருந்தால் அனுப்பு. பெரியவர்கள் சொல்லும் இடங்களை அதில் குறித்துவைக்கலாம் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்