பாதியில் நின்ற தூண்கள்

பலெர்மோ, சிசிலி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே குளிர் விட்டுவிட்டது. பல்லாரோ சந்தைப் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடையில் கறிவேப்பிலை கிடைக்கிறது. சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம்.

போன வாரம் எங்கள் கட்டடக்கலை வகுப்பை செலினுந்தேவுக்கு அழைத்துப் போனார்கள். பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கிரேக்கர்கள் இங்கே வந்து குடியேறிக் கட்டிய நகரம் அது. கோயில்கள் கடலைப் பார்த்தபடி கிடக்கின்றன. ஒன்றை 1950-களில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாரும் அதன்முன் நின்று படம் எடுத்தார்கள். எனக்கு அதைவிடப் பக்கத்தில் சரிந்து கிடந்த பெரிய கோயில்தான் பிடித்தது. நூறு ஆண்டுக்கு மேல் கட்டியும் முடியாத கோயில். நீளம் மட்டும் நூறு மீட்டருக்கு மேல். அந்தக் கற்குவியலுக்கு நடுவே ஒற்றைத் தூண் நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதைக் 'கிழவியின் தக்களி' என்கிறார்கள்.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது கோயில் அல்ல, அப்பா. அதற்குக் கல் வெட்டிய இடம். குசா என்று பெயர். செலினுந்தேவிலிருந்து சில மைல் தூரத்தில், ஒலிவ மரங்களுக்கு நடுவே இருக்கிறது. அங்கே தூணுக்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கல் உருளைகள் பாறையோடு ஒட்டியபடியே நிற்கின்றன. ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம். ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் ஆள் நின்று உளி போடும் அளவுக்குப் பள்ளம் எடுத்திருக்கிறார்கள். சிலவற்றில் வட்டம் மட்டும் கீறியிருக்கிறது, சில பாதி ஆழம் வந்திருக்கின்றன, சில அடி மட்டும் அறுபடாமல் நிற்கின்றன. பெயர்த்தெடுத்தவை கோயிலுக்குப் போகும் வழியில் அப்படியே கிடக்கின்றன. கி.மு. 409-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் நகரத்தின் படை வந்தது. ஒன்பதாம் நாள் நகரம் விழுந்தது. உளியைக் கீழே வைத்தவர்கள் திரும்பி வரவே இல்லை.

நான் ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றேன். தோள் இரண்டு பக்கமும் உரசியது. கல்லில் உளித்தழும்புகள் சாய்வாக, வரிசை பிசகாமல் இறங்குகின்றன. கையை வைத்ததும் நம் பட்டறை நினைவுக்கு வந்து அழுகை வந்துவிட்டது. சின்ன வயதில் மாமல்லபுரத்தில், பாதியில் விட்ட பிடாரி ரதத்தின்முன் என்னை நிறுத்தி, "முடித்த வேலையில் சிற்பி தெரியமாட்டான், விட்ட வேலையில்தான் தெரிவான்" என்று சொல்வீர்களே. அதற்கு அர்த்தம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேராசிரியர் கூப்பிட்டும் நான் கடைசியாகத்தான் மேலே ஏறினேன்.

படங்கள் இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். இது நம் கருங்கல் இல்லை, சுண்ணாம்புக்கல். நகத்தால் கீறினால்கூடத் தூள் உதிர்கிறது. இரண்டாவது படத்தில் ஒரு தழும்பு மட்டும் மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பாருங்கள். இடக்கைக்காரர் ஒருவர் அங்கே வேலை செய்தாரா, அல்லது பள்ளத்தில் திரும்ப இடமில்லாமல் கை மாற்றிப் பிடித்தாரா? நீங்கள் பார்த்தால் சொல்லிவிடுவீர்கள். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்து எழுதுங்கள். ஒரு உருளைக்கு இரண்டு ஆள் எத்தனை நாள் உளி போட்டிருப்பார்கள் என்றும் எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்