பாட்டை அச்சிட்டால் மெட்டையும் அச்சிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) பற்றி யார் எழுதினாலும் 1931-இல் வந்த ‘காளிதாஸ்’ படத்துக்குப் பாட்டெழுதியவர் என்று தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அவர் நாடகக்காரர், சினிமா பின்னால் வந்தது. காளிதாஸ் கதைக்கும் அந்தப் படத்தில் வரும் காந்தியின் ராட்டினப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. சம்பந்தம் நாடக மேடையில் இருக்கிறது. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகன் வேடத்தில் நின்றபடியே நடிகர் விசுவநாததாஸ் தேசியப் பாட்டுப் பாட, கேட்டுப் பழகிய சீமை இது. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி ‘காளிதாஸ்’ படத்தில் பாடிய ராட்டினப் பாட்டும் அந்த வழக்கம்தான்.

எங்கள் குறை வேறு. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம், தாளம் அல்லது ‘இன்ன பாட்டின் வர்ண மெட்டு’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். எடுத்து அச்சிடுகிறவர்கள் முதலில் விடுவது அந்த வரியைத்தான். நாடகப் பாட்டில் மெட்டு முன்னது, சொல் பின்னது. ஆதி தாளமென்றால் எட்டு எண்ணிக்கை நிரம்ப வேண்டும். அதற்காகக் குறில் நீளும், ‘அடி’, ‘ஐயா’, ‘ஏ’ என்று அசைகள் நுழையும். மெட்டுத் தெரியாமல் வாசித்தால் இது யாப்புப் பிழையாகத் தெரியும். சில பதிப்பாளர்கள் திருத்தியும் விடுகிறார்கள்! திருத்திய வரி தாளத்தில் உட்காராது.

இசைத்தட்டைக் கேட்டு எழுதினாலும் சிக்கல் உண்டு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் அடங்கும். மேடையில் முன்னால் தாளமில்லாமல் பாடும் விருத்தம் போய்விடும். சரணங்களில் ஒன்றிரண்டு மிஞ்சினால் அதிகம். அந்தப் பிரதியை முழுப் பாட்டு என்று போடக் கூடாது. ‘தட்டில் உள்ளபடி’ என்று குறித்தால் போதும்.

மெட்டு வரி கிடைக்காவிட்டால் ஊகித்து ராகப் பெயர் போடாதீர்கள். பல பாட்டுகள் பார்சி நாடக மெட்டுகளில் (வடக்கிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் மெட்டுகளில்) அமைந்தவை, கர்நாடக ராகக் கணக்கில் சரியாக அடங்காது. மதுரையில் நாடகக்காரர்கள் கூடும் சுண்ணாம்புக்காரத் தெருப் பக்கம் வயதான ஆர்மோனியக்காரர் ஒருவரிடம் பல்லவியைப் படித்துக் காட்டுங்கள். பாட்டுத் தெரிந்தவரென்றால் இரண்டாவது வரிக்குள் கட்டையில் கை போய்விடும்.

இப்படிக்கு,
நாடக இசை ஆர்வலர்கள்,
மதுரை.