ராத்திரி டியூட்டி முடித்து வரும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை ராத்திரிப் பூசை முடிகிறவரைக்கும் நாற்காலி கேட்கவில்லை, வீம்பு.

பெரிய வெள்ளியன்று நீ போனில் சொன்னதற்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை. சிலுவைப் பாதைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம், அப்பா வேறு பக்கத்திலேயே நின்றார். "ஜெபம் பண்ண உட்கார்ந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குதும்மா, எனக்கு நம்பிக்கை இருக்கான்னே தெரியல" என்றாய். நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தாயோ என்னவோ, உடனே டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். நான் பயப்படவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் தட்டினால் எனக்கு நாலு வரிக்கு மேல் ஓடாது.

கீழவெளி வீதிக் கோவிலில் வழக்கம்போல நல்ல கூட்டம். விளக்கையும் ஃபேனையும் அணைத்துவிட்டு வெளியே புதுத் தீ மூட்டினார்கள். சாமியார் பாஸ்கா திரியில் சிலுவை கீறி, வருஷத்தின் நாலு எண்ணையும் கீறி, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்தார். அந்தத் திரியிலிருந்து பற்றி, கைக்குக் கை தீ வந்து, கோவில் முழுக்க மெழுகுவர்த்தி. வேர்வையோ வேர்வை. எங்களுக்கு முன்னால் நின்ற பொடியன் மெழுகுவர்த்தியைச் சுற்றியிருந்த காகிதக் குவளையையே கொளுத்திவிட்டான். அவன் பாட்டி செருப்பில்லாத காலாலேயே மிதித்து அணைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் பாட்டைத் தொடர்ந்தார். உன்னதங்களிலே பாடும்போது மணி அடித்து, விளக்கும் ஃபேனும் வந்ததும் பாதிப் பேர் முகத்தில் பக்தியைவிட நிம்மதிதான் தெரிந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால் பூக்கார அக்கா ஈரத்துணி போர்த்திய கூடையோடு தயார். அவர் நம்ம கோவில்காரர் இல்லை. ஆனால் பெரிய வெள்ளிக்கு நம் பெண்கள் யாரும் தலையில் பூ வைக்கமாட்டார்கள், சனி நடுச்சாமத்துக்கு மேல் எல்லாருக்கும் மல்லி வேண்டும் என்பது அவருக்கு நல்லாவே தெரியும். விலையை மட்டும் கேட்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு வாசித்தது மாற்கு நற்செய்தி. மகதலா மரியா, யாக்கோபின் தாய் மரியா, சலோமி, மூன்று பேரும் விடியக்காலையில் கல்லறைக்குப் போகிறார்கள். அதில் ஒருவராவது இயேசு உயிரோடு இருப்பார் என்று நம்பிப் போனாரா? கிடையாது. கையில் கொண்டுபோனது செத்த உடம்பில் பூசுவதற்கு வாங்கின நறுமணப் பொருள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து ஓய்வுநாள் வந்துவிட்டதால் அவசர அவசரமாக அடக்கம் செய்தார்கள் அல்லவா, செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கப் போனார்கள். வாசலில் இருக்கும் கல்லை யார் புரட்டுவார் என்று போகிற வழியில்தான் பேசிக்கொள்கிறார்கள். அதற்கும் பதில் இல்லை. இருந்தாலும் நடக்கிறார்கள்.

இதை வாசிக்கக் கேட்டபோது உன்னைத்தான் நினைத்தேன். போன மாதம் சொன்னாயே, உன் வார்டில் ஒரு வயதானவர் ராத்திரி இறந்துபோனார், சொந்தம் என்று யாரும் வரவில்லை, நீயும் இன்னொரு சிஸ்டருமாக உடம்பைத் துடைத்து, தலையைச் சீவி, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டீர்கள் என்று. வெந்நீரில் துணியைப் பிழிந்தாயாம், அவருக்குத் தெரியாது என்று தெரிந்தும். பாப்பா, உயிர்ப்புச் செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது அந்த வேலைக்குக் கிளம்பினவர்களுக்குத்தான்.

அதைக் கேட்டதும் அவர்கள் அல்லேலூயா பாடினார்களா? நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மிகப் பழைய பிரதிகளில் மாற்கு நற்செய்தி அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. லூக்காவில் பெண்கள் போய்ச் சொல்கிறார்கள், திருத்தூதர்கள் அதைப் பிதற்றல் என்று தள்ளிவிடுகிறார்கள். மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில், மலைமேல் அவரை நேரில் பார்த்துப் பணிகிற நேரத்திலும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. இதையெல்லாம் மூடி மறைக்காமல் எழுதி வைத்தார்களே, அதனாலேயே எனக்கு இந்தப் புத்தகத்தின்மேல் மதிப்பு.

இந்தக் காலத்துத் தியானக் கூட்டங்களில்தான் கண்ணீர் வந்தால் விசுவாசம், வராவிட்டால் என்னவோ குறை என்று மைக்கில் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதுபோல் நீயும் உன் விசுவாசத்தைப் பார்த்துக்கொண்டே இருக்காதே.

மதுரையில் பிறந்தவளுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? 2019-இல் பெரிய வெள்ளியன்றே, ஏப்ரல் 19, அழகர் வைகையில் இறங்கினார். முந்தின நாள்தான் ஓட்டுப்போட்டோம், நினைவிருக்கிறதா? பங்குனி, சித்திரையில் நமக்கும் அவர்களுக்கும் பௌர்ணமிக் கணக்குத்தானே, சில வருஷம் இப்படிச் சேர்ந்துவிடும். எதிர்வீட்டு அத்தை ராத்திரியெல்லாம் கண்விழித்து நடந்துவிட்டுக் காலில் கொப்புளத்தோடு வந்தார், நாங்கள் சிலுவைப் பாதை போய்விட்டு வந்தோம். இந்த ஊரில் கும்பிடுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கால்தான் நடக்கும், மனசு பின்னால் மெதுவாக வரும். சில வருஷம் வராமலும் போகும்.

1606-இல் தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நொபிலி சாமியார் மதுரைக்கு வந்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ சாமியார் 1693-இல் ஓரியூரில் ரத்தம் சிந்தியதையும் பேசுகிறோம். 1773-இல் அவர்கள் இருவரும் இருந்த சேசு சபையையே ரோமில் கலைத்துவிட்டார்களே, அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று யாரும் பேசுவதில்லை. 1838 வாக்கில் பிரெஞ்சுச் சாமியார்கள் வந்து பொறுப்பெடுக்கிற வரைக்கும் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சாமியார் வருவதே அபூர்வம். இருந்தவர்கள் ஊரில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார்களும், எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாக்களும்தான். சாயங்காலம் விளக்கேற்றி, தெரிந்த ஜெபத்தைச் சொல்லி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, செத்தவரைப் புதைத்து வந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு உன் கேள்வி வந்திருக்கும்! யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

யோவான் நற்செய்தி கடைசி அதிகாரத்தை ஒருநாள் எடுத்து வாசி. உயிர்த்தவரைப் பார்த்த பிறகும் பேதுரு, "மீன் பிடிக்கப் போகிறேன்" என்று பழைய வேலைக்கே போகிறார். ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் அகப்படவில்லை. விடிந்து பார்த்தால் கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். ஆண்டவரே அடுப்பு மூட்டி வைத்திருக்கிறார். அவர்களிடம் நம்புகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட வாருங்கள் என்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேதுருவிடம் கேள்வி, அதுவும் என்னை அன்பு செய்கிறாயா என்றுதான். மூன்று தரமும் அதே கேள்வி, மூன்று தரமும் ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று வேலை.

நைட் டியூட்டி முடிந்து வந்தால் வெறும் காபியைக் குடித்துவிட்டுப் படுக்காதே, ஏதாவது சாப்பிடு. டப்ளினில் ஞாயிறு சாயங்காலப் பூசை பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது என்றாயே, முடிந்தால் போ. அழுகை வராவிட்டால் பரவாயில்லை, கடைசி பெஞ்சில் தூங்கினாலும் பரவாயில்லை. வரும் ஞாயிறு, சந்தேகப்பட்ட தோமையாரின் வாசகம்தான், உனக்குப் பிடிக்கும்.

நீ கேட்ட நெத்திலிக் கருவாட்டைக் கூரியர் கடையில் வாங்கமாட்டேன் என்கிறார்கள். இட்லிப்பொடியும் சுக்குமல்லிப் பொடியும் மட்டும் கட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை உனக்கு லீவுதானே, அன்றைக்குக் கூப்பிடு. நம்ம நேரம் பத்து மணிக்கு மேல் வேண்டாம், அப்பா தூங்கிவிடுவார், அப்புறம் காலையில் என்னிடம்தான் சண்டை போடுவார்.

அன்புடன்,
அம்மா